திருப்பித் தரவேண்டாத போத்தில்

— உள்ளுக்கை வாங்கோ மச்சாள். வாசலிலை நிண்டு சட்டியை நீட்டுறதுக்கு நீங்களென்ன தபால்காரனே?

— நான் இருக்க வரேல்லை, குணம். உன்ரை தூக்குச்சட்டியைத் தந்திட்டுப் போக வந்தனான். பிடி.

— பதினாறு நாள்! ஒரே ஒழுங்கைக்குள்ளை இருந்துகொண்டு பதினாறு நாள் முகம் காட்டேல்லை. நான் ஏதும் பிழையாக் கதைச்சுப்போட்டனோ எண்டு...

— சீச்சீ. முழங்கால் நோ. வேறை ஒண்டுமில்லை.

— இவர் மூண்டு தரம் உங்களைச் சாப்பிடக் கூப்பிட வந்தவர். மூண்டு தரமும் சாப்பிட்டிட்டன் எண்டு சொல்லி அனுப்பினியளாம்.

— உன்ரை மனுசனிட்டை நான் பொய் சொல்லுவனே? சாப்பிட்டிட்டுத்தான் இருந்தனான்.

— என்ன சாப்பிட்டனீங்கள்?

— ...சோறுதான்.

— என்ன கறி?

— நீயென்ன பொலிசே? சட்டியைப் பிடியடி, கை உளையுது.

— ஏன் இவ்வளவு பாரம்... சீனி! கழுத்து மட்டுக்கும் சீனி! மச்சாள், உங்களுக்கு விசரே?

— பின்னை, வெறும் சட்டியைக் கொண்டுவந்து தரச் சொல்லுறியோ? உன்ரை அண்ணையைக் கட்டி வந்த நாள் தொடக்கம் இந்த வீட்டுக்கு ஒரு ஏனத்தையும் நான் வெறுமையாத் திருப்பித் தந்ததில்லை.

— அண்ணை போய் நாலு வருசம்... சரி, இருங்கோ. தேத்தண்ணி ஊத்துறன். சீனி எத்தினை கரண்டி?

— ரண்டு... மூண்டாப் போடு.

— மூண்டோ? நீங்கள் அரைக் கரண்டிக்கு மேலை குடிக்கிறேல்லையே! எத்தினை நாளா வெறும் தேத்தண்ணி குடிக்கிறியள்?

— ஆர் சொன்னது?

— இப்ப நீங்கள்தான் சொன்னனீங்கள். வீட்டிலை கிடந்த சீனி முழுக்க இந்தச் சட்டிக்குள்ளை வந்திட்டுது. என்ன?

— ...உதென்னடி, குசினி அலுமாரியோ, போத்தில் கடையோ?

— கதையை மாத்தாதேங்கோ.

— இல்லையடி, மெய்யாக் கேக்கிறன். ஜாம் போத்தில், கோப்பிப் போத்தில், ஊறுகாய்ப் போத்தில்... மேல்தட்டிலை உது என்ன, மருந்துப் போத்திலோ?

— அது தேன் போத்தில்! எல்லாம் கழுவி, வெயிலிலை காயவைச்சு, மூடி பொருந்துதோ எண்டு பார்த்து வைச்சிருக்கிறன். எங்கடை வீட்டுப் போத்தில் காணாதெண்டு பக்கத்து வீட்டு ஜெயனியிட்டையும் கேட்டு வாங்கினனான். இவர் ஒரே பேச்சு. போத்திலுகள் வீட்டுக்குள்ளை இருக்கட்டும், நாங்கள் விறாந்தையிலை படுப்பமாம்.

— பாவம் அந்த மனுசன். ஆருக்கடி இவ்வளவும்?

— உங்களுக்குத்தான்.

— எனக்கோ?

— ஓம். இந்தாங்கோ, இதுக்குள்ளை பருப்பு. இது கத்தரிக்காய்க் குழம்பு. இது தேசிக்காய் ஊறுகாய். ஒண்டும் திருப்பித் தரவேண்டாம். எறியிற போத்தில்தானே. எறியிற போத்திலை ஆரும் நிரப்பித் தாறேல்லை.

— ...எப்ப தொடக்கம் சேர்க்கிறாய்?

— அந்த முட்டை வந்த நாள் தொடக்கம்.

— எந்த முட்டை?

— வைகாசி விசாகத்துக்குப் பொங்கின புக்கை கொண்டுவந்து தந்தன். அடுத்த நாள் சட்டிக்குள்ளை பத்து முட்டை வந்தது. நானும் சிரிச்சுச் சிரிச்சு வாங்கி இவருக்குப் பொரிச்சுக் குடுத்தன். பேந்துதான் யோசிச்சன். உங்களிட்டை நிண்டது ரண்டே ரண்டு கோழி. ஒரு கிழமை முட்டை முழுக்க எங்கடை வயித்துக்குள்ளை போயிட்டுது. நான் உங்களுக்குச் சாப்பாடு தாறன் எண்டு நினைச்சுக்கொண்டு, உங்கடை சாப்பாட்டைப் பறிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். அண்டைக்குப் பிள்ளையாருக்கு முன்னாலை தோப்புக்கரணம் போட்டனான்.

— எத்தினை?

— முட்டைக்கு ஒண்டு. பத்து.

— உன்ரை உடம்புக்குப் பத்தோ! பிள்ளையாரே பயந்திருப்பார்.

— சிரியுங்கோ, சிரியுங்கோ. அதுக்குப் பிறகும் ஒருநாள் அவசரத்திலை இந்தச் சட்டியிலைதான் குடுத்துவிட்டன். என்ரை மொக்குத்தனம்... எங்கை உங்கடை கோழியள்? சத்தத்தைக் காணேல்லை.

— முன்வீட்டுப் பூரணத்திட்டைக் குடுத்திட்டன். குனிஞ்சு கூடு திறக்க முழங்கால் விடேல்லை.

— உங்கடை முத்தத்து முருங்கை மரம்?

— காத்துக்கு முறிஞ்சு போச்சு. பிறகு உன்ரை சட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தன். உள்ளுக்கை போட ஒண்டுமில்லை. வெறுமையாக் கொண்டுவர மனம் வரேல்லை. அதைத் தராமல் இங்கை வந்து சாப்பிடவும் மனம் வரேல்லை.

— அதுக்குத்தானே போத்தில். இந்தப் பையைப் பிடியுங்கோ.

— வேண்டாம், குணம். சட்டி எண்டாலும் போத்தில் எண்டாலும் வாங்கிற கை ஒண்டுதானே. ஒரு பக்கத்தாலை மட்டும் வந்துகொண்டிருந்தால் அது... பிச்சை மாதிரி.

— மச்சாள்!

— கோவிக்காதை. நீ அப்பிடித் தரேல்லை. எனக்குத்தான் அப்பிடிக் கிடக்கு. நான் வாறன்... எடி! அடுப்பிலை என்ன?

— கறித்தூளுக்கு மல்லி வறுக்கிறன்.

— கருகுதடி! இறக்கு, இறக்கு!

— கருகுதோ?

— ஒழுங்கை முழுக்க மணக்கும், நீ பக்கத்திலை நிண்டுகொண்டு கருகுதோ எண்டு கேக்கிறாய்? தள்ளு... பார், அடியிலை முழுக்கக் கரி. குணம்? ஏன் அழுகிறாய்? ஒரு சட்டி மல்லிக்கு ஆரும் அழுவினமே?

— மல்லிக்கு இல்லை... எனக்கு மணம் தெரியேல்லை, மச்சாள். சித்திரையிலை வந்த காய்ச்சலோடை போனது. புளிச்சதும் தெரியாது, கருகினதும் தெரியாது. போன கிழமை பழுதாப்போன பருப்பை இவருக்குப் போட்டிட்டன். மனுசன் ஒரு சொல்லுச் சொல்லாமல் சாப்பிட்டிட்டு எழும்பினவர். பின்னேரம் முழுக்க வயித்தாலை போச்சுது.

— அதுதான் உன்ரை குழம்பிலை கொஞ்ச நாளா வெந்தயம் கருகிக் கைச்சுக் கிடந்தது!

— தெரிஞ்சும் சொல்லேல்லையே?

— சோறு தாறவளுக்குக் குறை சொல்லுறதோ? நீயேன் எனக்குச் சொல்லேல்லை?

— வந்தால் எல்லோ சொல்ல. ஒவ்வொரு நாளும் அடுப்பு மூட்டப் பயமாக் கிடக்கு. இவருக்குத் தேத்தண்ணியும் கோப்பியும் ஒண்டுதான். பக்கத்திலை உங்கடை மூக்கு இருந்தாக் காணும். காலமை வந்து இந்தக் கதிரையிலை இருங்கோ. குனிய வேண்டாம், தூக்க வேண்டாம். இறக்கு எண்டால் இறக்குறன். உப்பு எண்டால் போடுறன். மூண்டு பேருமா இஞ்சையே சாப்பிடுவம்.

— இது என்னைச் சாப்பிட வைக்கக் கட்டின கதை இல்லையே?

— அதுக்காக ஆரும் நல்ல மல்லியை எரிப்பினமோ?

— அப்ப இந்தப் போத்திலுக்குள்ளை இருக்கிற பருப்பு?

— மணந்து பார்த்துச் சொல்லுங்கோ. எனக்கெப்பிடித் தெரியும்?

— நல்லாத்தான் கிடக்கு... உள்ளி கொஞ்சம் கூட.

— பார்த்தியளே! நாளைக்கு வாறியள்தானே?

— நாளைக்குக் காலமை என்னை ஏத்த முதியோர் இல்லத்து வாகனம் வருது, குணம். உடுப்பெல்லாம் மடிச்சு வைச்சிட்டன்... நீ வேறை மல்லி எடு. அதுக்கு முதல் உன்ரை போனைத் தா, வரவேண்டாம் எண்டு சொல்லுறன்.