பதினான்கு பேர் கொண்ட குழு

ஒரு வழிகாட்டிப் புத்தகம் நல்லதா இல்லையா என்று விஷயம் தெரிந்தவன் சொல்லக்கூடாது, செம்மல் சார். தெரியாத ஒருவர் அதைப் பார்த்துச் செய்துபார்க்க வேண்டும். சமையல் புத்தகத்தைச் சமையல்காரனிடமா கொடுப்பீர்கள்? இன்ஸ்பெக்டர் நீங்களே சொல்லுங்கள்.

உழவர்கரையில் ஒரு தனியார் நூலகத்துக்கு யாரோ நாற்பத்து மூன்று பழைய புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் தொண்ணூறுகளில் வந்தவை. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பது எப்படி, முன்பின் பார்க்காதவர்களோடு குழுவாகச் சேர்ந்து எழுதிப் பேசுவது எப்படி என்று சொல்லித்தருபவை. எதை வைத்துக்கொள்ளலாம், எதைப் பழைய பேப்பர் கடையில் போடலாம் என்று மதிப்பெண் போட்டுத் தரச் சொன்னார்கள். இந்தக் கமலக்கண்ணனை விட்டால் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? முப்பது வருஷம் காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் இருந்தவன். 1996இல் அப்படியொரு குழுவில் நானும் ஒரு கேள்வி எழுதினேன். இன்றுவரை ஒருவரும் பதில் போடவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

கருவடிக்குப்பத்தில் என் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், பின்னறையில் ஒன்று, நடுவே கேபிள். சோதித்துப் பார்க்கப் பக்கத்துத் தெரு மேனகாம்மாவைக் கூப்பிட்டேன். ஐம்பத்தொன்பது வயது. வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கவிநிலா பாரிஸில். "எனக்கு இதெல்லாம் ஒரு மண்ணும் தெரியாது சார்" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான். அவரைப் பின்னறையில் உட்கார வைத்துவிட்டு நான் முன்னறையில் உட்கார்ந்தேன்.

முதலில் எடுத்த புத்தகத்தில் 'குழு' என்று இருந்தது. இரண்டு பேர் குழுவாக முடியுமா? ஆகவே பதினான்கு பேரை உண்டாக்கினேன். வேறு வேறு ஊர்களில் இதே புத்தகத்தைச் சோதிக்கிறார்கள், டெலிபோன் லைன் வழியாக எழுதுகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். காலாப்பட்டில் பஸ் கண்டக்டராக இருந்த இராமதாஸ், ஓய்வுபெற்ற நர்ஸ் கலைவாணி, இப்படி. ஒவ்வொருவருக்கும் தனிக் குணம், தனிப் பேச்சு. சுலபமான வேலை இல்லை, சார். முகவரி கேட்கக்கூடாது என்று புத்தகத்திலேயே விதி இருந்தது, வசதியாகப் போயிற்று. அவர் செல்போனை அணைத்து என் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். அந்தக் காலத்துப் புத்தகத்தை அந்தக் காலத்து வழியில்தானே சோதிக்க வேண்டும்.

முதலில் செவ்வாயும் வெள்ளியும் வந்தார். பிறகு தினமும் மூன்று மணிக்கு வந்துவிடுவார். ஒருநாள் வடித்த சோற்றை இரண்டு நாள் வைத்துச் சாப்பிடுவதையும், மகள் போன் பண்ணுவது குறைந்துவிட்டதையும் கலைவாணிக்கு எழுதினார். நேரில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டீ நன்றாக இருக்கிறது என்பார், அவ்வளவுதான். கலைவாணி மேல் எனக்குப் பொறாமைகூட வந்தது.

ஒருநாள் டீயை வைக்கப் போனபோது சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் சார், நீங்க வந்தா மட்டும் பதினாலு பேரும் வாய மூடிக்கிறாங்க? உங்களக் கண்டா அவ்ளோ பயமா?"

அன்றிலிருந்து நான் டீ கொண்டுபோவதை நிறுத்தினேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றே காலுக்கு என் திரையில் வந்தது: 'கலைவாணி, நெஞ்ச அடைக்குது. எடது கை மரத்துப் போவுது. பக்கத்து ரூம்ல சார் இருக்காரு. கூப்புடட்டுமா?'

எழுந்து போயிருக்கலாமே என்பீர்கள். போனால் அந்த நிமிஷமே பதினான்கு பேரும் ஊமையாகிவிடுவார்கள். மேனகாம்மா விவரமானவர், கண்டுபிடித்திருப்பார். பிழைத்து எழுந்தாலும் அதற்கப்புறம் அவருக்கு யார் இருக்கிறார்கள்? அதை நிதானமாக யோசித்தேன். கலைவாணியாக எழுதினேன்: 'வாயுதான்க்கா. எழுந்திரிக்காதீங்க, யாரையும் கூப்புடாதீங்க. இருவது நிமிஷத்துல சரியாப் பூடும்.' தனக்கும் இப்படித்தான் வந்தது, ஒன்றும் ஆகவில்லை என்றார் இராமதாஸ். மற்றவர்களும் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள்.

அப்புறமும் அவர் கூப்பிட்டார். "சார்... கமலக்கண்ணன் சார்... கொஞ்சம் வாங்களேன்." நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு, நன்றாகக் கேட்டது. நான் பதினோராவது ஆளாக எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்று ஐம்பதுக்கு மேல் அவரிடமிருந்து பதில் இல்லை. நாலே கால் வரைக்கும் நாங்கள் எழுதினோம். பிறகு பீரோவைத் திறந்து செல்போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அன்று சாயங்காலமே அந்தப் புத்தகத்துக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டு நூலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

காரியத்துக்கு வந்த கவிநிலா, அம்மா போனில் வாய் ஓயாமல் சொன்ன அந்த நர்ஸைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றது. நான் மழுப்பினேன். அதில் சந்தேகம் வந்துதான் அந்தப் பெண் உங்களிடம் வந்தது. நேற்று என் வீட்டு வாசலில் நின்று கத்தியது: "எங்கம்மாவத் தனியா சாவ உட்டுட்டியே, பாவி!"

எழுதிக்கொள்ளுங்கள், சார். மாரடைப்பு என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்றும் தெரியும். தெரிந்தேதான் சாகவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தனியாக என்று மட்டும் எழுதாதீர்கள், அது அபாண்டம். கடைசி மூச்சு வரைக்கும் பதினான்கு பேர் அவரோடு இருந்தார்கள்.

நம்பாவிட்டால் அவர்களையே கேட்டுப் பாருங்கள்.