திங்கக்கிழமை தட்டு

புகார்த் தாள்ல அந்தக் கடைசிக் கட்டத்த மட்டும் இப்போதைக்கு விட்டுடுங்க மேடம். இந்தச் சரக்குக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குதே, அது. முடிவுல நிரப்பிக்கலாம். மத்தத எழுதிக்கோங்க. பேரு கெய்சா லாட்டினன். லைசன்ஸ் கடையில விக்கிற கஞ்சாவச் சோதிக்கிற கூடத்துல வேலை. பூஞ்சை இருக்கான்னு பாக்குறது. நாலு வருஷமா.

காப்பி வேண்டாம். எங்க ஊரு ஹான்காக்லேருந்து பனியில எட்டு மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன், வழியிலேயே நெறைய குடிச்சாச்சு. மடியிலயா? டப்பாதான், இருக்கட்டும்.

நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணாப் போதும். சரக்கு எண் நாலு ஒண்ணு ஒண்ணு ரெண்டு. அதுல சோதிச்சது போக மிச்சம் வெச்ச சாம்பிள் ஒரு சின்னப் புட்டியில எங்க அலமாரில இருக்கு. நாப்பத்தஞ்சு நாள் வைக்கணும்னு விதி. இன்னிக்கு நாப்பத்தி நாலு. நாளைக்குக் காலைல எங்க மேலாளர் டரேல் அத எரிச்சுடுவாரு. வேற கூடத்துல சோதிக்கணும்னு, எங்களுக்கு லைசன்ஸ் குடுக்குற உங்க ஆபீஸ்லேருந்து ஒரு ஃபோன் போனா அவரு அதத் தொட முடியாது.

ஏன் சந்தேகம்னா... கஞ்சாப் பூவைக் கரைச்சுச் சின்னக் கண்ணாடித் தட்டுல ஊத்தி, சூடான பெட்டிக்குள்ள வைப்போம். செவ்வாய்க்கிழமை வெச்சா வெள்ளிக்கிழமை பாக்கணும். ஒண்ணும் முளைக்கலன்னா பூஞ்சை இல்லைன்னு எழுதிடுவேன். சீட்டு ஒட்டி கடைக்கு அனுப்பிடுவாங்க.

தட்டுங்க திங்கக்கிழமை வரைக்கும் பெட்டியிலயே கெடக்கும். எறியறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு இன்னொரு தடவை பாக்குறது எனக்குப் பழக்கம். யாரும் சொல்லிக் குடுக்கல. போன அக்டோபர்ல ஒரு தட்டு. வெள்ளிக்கிழமை சுத்தமா இருந்துது. திங்கக்கிழமை பச்சையா பூஞ்சை முளைச்சு நிக்குது. நல்ல உடம்புக்காரன் இழுத்தா இருமிட்டுப் போயிடுவான். கீமோ எடுக்குறவங்களுக்கு நேரா நுரையீரல்ல போய் உக்காந்துக்கும்.

டரேல்கிட்ட கொண்டுபோனேன். எனக்குப் பேச வராது, காட்டத்தான் தெரியும். மான்கறித் துண்டக் கடிச்சுக்கிட்டே பாத்தாரு. வெள்ளிக்கிழமை பாத்ததுதான் ரிசல்ட் கண்ணு, திங்கக்கிழமை முளைக்கிறது குப்பை, குப்பைய யாராவது படிப்பாங்களான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் குப்பை படிக்கிறவள்னே எனக்குப் பேரு. எங்க வீட்டுக் குப்பையும் இருக்கு கெய்சா, சாயங்காலம் வந்து படிச்சிட்டுப் போன்னு கூப்புடுவாங்க.

இல்ல, அப்போ புகார்னு எழுதிக் குடுக்கல. திங்கக்கிழமை பாக்குறதையே விட்டுட்டேன். எல்லாத்தையும் அப்படியே செவப்புப் பையில கொட்டிக் கட்டிடுவேன்.

ஆமா மேடம். நாலு ஒண்ணு ஒண்ணு ரெண்டையும் அப்படித்தான். அதுல முளைச்சிருந்துதான்னு எனக்குத் தெரியாது. தெரியணும்.

எத்தனையோ சரக்கு இருக்க ஏன் இது மட்டும்னா... இந்தாங்க, டப்பாவுல நம்பரச் சரிபாத்துக்கோங்க. பாதி மிச்சமிருக்கு. தெறந்த டப்பா, சாட்சிக்கு ஆகாதுன்னு எனக்கும் தெரியும். வாங்கினவருக்குக் கீமோ. இத இழுத்தாத்தான் அம்மா சுட்ட ரொட்டில ஒரு கடியாவது உள்ள போகும். கடையில டப்பாவத் திருப்பி எங்க கூடத்துப் பேரத் தேடிப் பாத்துத்தான் எடுப்பாராம். இது எம் பொண்ணு பாத்த சரக்கும்மான்னு கடைக்காரிகிட்ட சொல்லுவாராம். டாக்டர் நுரையீரல்ல பூஞ்சைன்னாரு. எங்கேருந்து வேணாலும் வந்திருக்கலாம், வீட்டுச் செவுத்துலேருந்துகூடன்னாரு.

சரி, அந்தக் கடைசிக் கட்டம். சோதிச்சவள்னு எழுதுங்க. மகள்னும் எழுதுங்க.

அவர் வந்து கையெழுத்துப் போட முடியாது மேடம், போய்ப் பன்னெண்டு நாளாச்சு. பனியில மண்ணு கல்லா உறைஞ்சு கெடக்கு. மே மாசம்தான் குழி வெட்டுவாங்க, அதுவரைக்கும் கல்லறைக் கொட்டகையில வெச்சிருக்காங்க. அப்பா காத்திருப்பாரு. அந்தப் புட்டிக்குத்தான் நாளைக்குக் காலை வரைக்கும் டைம்.