டெர்மினலில் பூத்த ரோஸ் உப்பு

சனிக்கிழமை காலை காரின் பானெட்டைச் சுற்றி நின்றவர்கள்: பக்கத்து வீட்டு ஸ்வெடோசார், அவன் மனைவி தேசாங்கா, நான், என் ஸ்பேனர். அவர்கள் கொடுத்துவிட்டுப் போன இந்தக் கதவின் சாவி உங்கள் கையில் இருக்கிறது, தபால்காரரே. நடந்ததைச் சொன்னால்தான் திறப்பேன் என்கிறீர்கள். சொல்கிறேன்.

பேட்டரி டெர்மினலில் உப்புப் பூப்பது ஊரில் நடப்பதுதான். முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். வெந்நீரில் ஆப்பசோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக் கரையும். துடைத்து மாட்டி, கிரீஸ் தடவினால் ஒரு வருடம் கவலையில்லை. இரண்டு வருடத்தில் அவனுக்குப் பதினோரு முறை செய்து கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் பயண நாள் கடந்த பிறகு. கிரீஸ் மட்டும் தடவவில்லை.

"நீ இல்லன்னா எங்க கதி என்னடா ரத்கோ?" என்பான்.

"ஊர் ஊரா சுத்துவீங்க."

சிரிப்பான். பஸ்ஸில் ஏறினால் அவனுக்கு வாந்தி. கார் கிளம்பாவிட்டால் அவனும் கிளம்ப மாட்டான். ஸ்லோவேனியாவில் மகள் கல்யாணம் இவர்கள் இல்லாமலே நடந்தது. பேரனும் அப்படித்தான் பிறந்தான். சீட்டாட இரண்டு பேர் வேண்டும். எங்கள் தெருவில் ஆடத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து, முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாயிலிருந்து தினம் ஒரு ஸ்பூன் புளித்த உப்புத் தண்ணீர், அவன் டெர்மினல் மேல். அவ்வளவுதான் என் பங்கு. அவன் காரைப் பூட்டுவதில்லை. திருட்டுப் பயம் இல்லாத ஊர்.

இந்த முறை பேரனின் ஞானஸ்நானம். அப்படியே மகளோடு தங்கிவிடப் போகிறார்களாம். அதனால் ஸ்பூனுக்குப் பதில் கரண்டி.

தேசாங்கா குனிந்து பார்த்தாள். "ஏன் அண்ணே, உப்புன்னா வெள்ளையா, பச்சையா பூக்கும். இது ஏன் ரோஸா இருக்கு?"

கோஸ் பீப்பாயில் பீட்ரூட் போடுகிறவன் தெருவிலேயே நான் ஒருவன்தான். 'கோஸுக்கு லிப்ஸ்டிக் போடுற ஆளு' என்று கேலி செய்பவளே அவள்தான். இந்த ஆண்டு கொஞ்சம் அதிகம் போட்டுவிட்டேன்.

விரலால் தொட்டு முகர்ந்தாள். கணவனைப் பார்த்தாள். அவளே ஆப்பசோடாவைக் கலந்து, அவளே தேய்த்தாள். பதினோரு முறை பார்த்திருக்கிறாளே. கார் உறுமியது.

"கிரீஸ் டப்பா கீழே எங்க நிலவறையில இருக்கு. எடுத்துட்டு வாங்கண்ணே."

இறங்கினேன். ஸ்வெடோசார் பின்னாலேயே வந்து சீட்டுக்கட்டை என் கையில் திணித்தான். "இனி தனியா ஆடுடா."

வழியில் தொலைந்துவிடக் கூடாதென்று கொடுத்து வைத்தான். திரும்பி வருகிறவன்தானே அப்படிச் செய்வான். அப்புறம் மேலே ஏறிப் போய்க் கதவைச் சாத்தினான். சாவியை இருமுறை திருப்பினான்.