சுமைதாங்கி இருந்த இடம்

கரண்டு வரும்போது வரட்டும். விளக்கு வேண்டாம்... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நடந்தது உச்சி வேளையில். ஆமாம், பட்டப்பகல். கத்திரி வெயில். பிச்சாட்டூரிலிருந்து சத்தியவேடு போகிற ரோட்டில் ஈ காக்கை இல்லை. செங்கல்வராயன் மட்டும் சாப்பாட்டுக்கு வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தான். நம் தெரு வேணுவின் தங்கை தேவயானியைக் கட்டியவன். ஜேசிபி ஓட்டுகிறவன்.

அந்தப் பக்கம் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயம் அது. நிலத்தை விற்றவர்கள் பாதிப்பேர் மெட்ராஸ் போய்விட்டார்கள். ரோட்டை அகலப்படுத்தினார்கள். ரோட்டோரம் ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ள. எந்தக் காலத்திலோ, வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒருத்திக்காக அவள் வீட்டார் நட்டது. மங்கம்மா என்று பேர் வெட்டியிருந்தது. மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது.

அதைப் பிடுங்கியவன் செங்கல்வராயன்தான். டிராக்டர்க்கார துலுக்காணம் அப்போதே சொன்னான்: "வாணாம்பா. உன் ஊட்லயும் மாசமா இருக்குது."

"இப்ப யாருண்ணா தலைல தூக்கினு போறாங்க? அல்லாம் ஆட்டோல போவுது."

மேல்கல் இரண்டாக உடைந்தது. ரோட்டுக்குக் குறுக்கே கட்டிய கல்வெர்ட்டுச் சின்னப் பாலத்துக்கு அடியில் போட்டு மூடினார்கள்.

இப்போது அதே இடத்தில்... ஒரு பொம்பளை நிற்கிறாள். தலையில் துணி மூட்டை. இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். நிறைமாத வயிறு. அந்த வெயிலில் முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. பக்கத்தில் போனால் கிணற்றடி ஈரமண் வாசம்.

"எறக்கி உடு நைனா. ரொம்ப நேரமா நிக்கறேன்."

பாவமாக இருந்தது அவனுக்கு. இரண்டு கையையும் நீட்டினான்.

"எங்கம்மா வைக்கறது?"

"வைக்கற எடத்தத்தான் நீ எடுத்துட்டியே."

குரலில் கோபமே இல்லை. மூட்டை வழுக்கிக்கொண்டு அவன் தலைக்கு வந்தது. கழுத்தில் 'களுக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பக்கவாட்டில் பார்த்தான்... ரோடு காலி.

வீட்டு வாசலில் தேவயானி சிரித்தாள். "இன்னாய்யா, ரெண்டு கையும் தலைமேல வச்சிக்கினு நிக்கற? வா, துன்னு."

தலையில் ஒன்றும் இல்லை. அவள் கண்ணுக்குத்தான் இல்லை.

"எறக்கி உடு" என்றான். அவள் கையைத் தூக்கிக்கொண்டு கிட்டே வரவும் சட்டென்று அவனுக்கு உறைத்தது. பின்னால் துள்ளினான். "தொடாத! கிட்ட வராத!"

அன்றிலிருந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். திருப்பதி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். வலியும் இல்லை. முதலில் கழுத்து மரத்தது. அப்புறம் தோள், கை. அப்புறம்... உள்ளே. தேவயானி எதிரில் உட்கார்ந்து அழுவாள். யாரோ எங்கோ அழுவதுபோல இவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவளுக்கு மாதம் நிறைந்தது. ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"எங்கிட்ட குடு. கொஞ்ச நேரம் நான் தாங்கறேன்."

அவன் எழுந்து நேரே துலுக்காணத்திடம் போனான்.

குவாரியிலிருந்து மூன்று கல் கொண்டுவந்தார்கள். புது ரோட்டைத் தாண்டி, கால்வாய் ஓரத்தில் நட்டார்கள். மறுநாள் உச்சி வேளையில் செங்கல்வராயன் தனியாகப் போனான். கல்லுக்கு முதுகு காட்டி நின்றான். முழங்காலை மடக்கி, மெல்ல... மெல்ல...

'தொம்.'

கல்மேல் எதுவோ உட்கார்ந்தது. கழுத்து தானாக நிமிர்ந்தது. எங்கேயும் சத்தமில்லை. லாரிகூட வரவில்லை. முதுகுக்குப் பின்னால், காதுக்கு வெகு அருகில், சின்னதாக ஒரு முனகல்...

திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அந்த வாரமே தேவயானிக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தையை அவன் கையில் கொடுத்தார்கள். கை இன்னும் மரத்துத்தான் இருந்தது. விறகுக்கட்டையை ஏந்தியதுபோல இருந்தது அவனுக்கு. சூடு தெரியவில்லை. சந்தோஷமும் தெரியவில்லை. "அழகா கீதுல்ல?" என்று தேவயானி கேட்டாள். "கீது" என்றான்.

மறுநாள் மத்தியானம் அந்த வழியாக வந்தவன் கல்லைப் பார்த்து நின்றான். மேல்கல் நனைந்திருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. சுற்றிலும் மண் பொரிந்து கிடக்கிறது. கல்லின் நடுவில் மட்டும் ஈரம், ஓரமாக வழிந்து சொட்டுகிறது.

விரலால் தொட்டான். இத்தனை நாளுக்குப் பிறகு விரலுக்கு ஏதோ தெரிந்தது.

மோந்து பார்த்தான். நேற்று முழுக்க தேவயானியின் படுக்கையில் அடித்த அதே வாசம்.

தாய்ப்பால். இன்னும் சூடு ஆறவில்லை.