மாடிப்படி ஏறிப்போன அமைப்பாளருக்கு மக்கள் மையத்தார் வாசிக்கும் மடல்

அரங்கு நிறைந்தாலும் ஆர்வம் அடங்காத அயரா உழைப்பாளரே! ஆளில்லா வரிசைகளின் முன்னும் அசராமல் ஒலிவாங்கியைப் பிடித்த அஞ்சா நெஞ்சரே! பேசத் தெரிந்தவர்களைத் தேடி ஊரே ஓட, பேச வேண்டியவர்களைத் தேடித் தெருத்தெருவாய் நடந்த பெருந்தகையே! எங்கள் மக்கள் மையத்தின் நிகழ்ச்சி அமைப்பாளராய் இருபதாண்டுகளுக்கும் மேலாய் இயங்கி, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அருமை அக்காவே! வணக்கம்.

அக்கா என்று உங்களை அழைப்பதற்கு வயது ஒரு தடையாய் இருந்ததில்லை. எதிர்ச் சந்தில் சாவி வெட்டும் பெரியவர் உங்களைவிடப் பல வயது மூத்தவர். அவரும் கடைக்குள்ளிருந்தே கழுத்தை நீட்டி, “அக்கா, இந்த வாரம் படமா, பேச்சா? பேச்சுன்னா சொல்லிடுங்க, கண்ணாடியை வீட்டுலயே வச்சிட்டு வரேன்” என்று கேட்பதை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

இப்படியொரு மடல் எழுதப் போவதாகச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். “மடல் எதுக்குப்பா? அதை வாசிக்கிற நேரத்துல நாலு சுவரொட்டி ஒட்டலாமே” என்றீர்கள். ஆகவே, ஒரே கல்லில் இரண்டு மாங்காயாக, உங்களைப் பாராட்டும் இந்த மடலிலேயே அடுத்த சனிக்கிழமை தொடங்கும் நம் புதிய நிகழ்ச்சித் தொடருக்கும் முரசறைகிறோம். அவையோர் பொறுத்தருள்க! எங்களுக்குக் கால் தரையில் படவில்லை. இப்படியொரு தொடர் இந்தக் கட்டடம் கண்டதில்லை.

டயர்க் கிடங்கைத் தமிழ் பேசும் அரங்காக்கிய தகைமையரே!

நீங்கள் வந்த நாளில் இந்தக் கூடத்தில் ரப்பர் வாடை போகவில்லை. நாங்கள் கூடுவோம், தீர்மானம் போடுவோம், தேநீர் குடிப்போம், கலைவோம். எங்கள் தீர்மானங்கள் எங்களுக்கே மறந்துபோகும். நீங்கள்தான் மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பெண்களிடம் பழைய படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கி, தைக்கச் சொல்லி, திரையாக்கித் தொங்கவிட்டீர்கள். அந்தத் திரையில் எந்தக் கதாநாயகன் வந்தாலும் நெற்றியில் ஒரு தையல் ஓடும். அவன் சண்டை போட்டு வாங்கிய காயம் என்றே பிள்ளைகள் நம்பினார்கள்.

எல்லாமே வெற்றி என்று சொன்னால் நீங்களே எழுந்து மறுப்பீர்கள். வாடகைக்குக் குடியிருப்போர் உரிமை பற்றி ஒருமுறை உரை ஏற்பாடு செய்தீர்கள். கொட்டும் மழை. வந்தவர் ஒரே ஒருவர்; அவரும் ஒரு வீட்டுக்காரர். நாங்கள் விளக்கை அணைக்கப் போனோம். நீங்கள் விடவில்லை. அந்த ஒருவருக்காக முழு உரையும் நடந்தது. அவர் குறிப்பெடுத்தார், கேள்வி கேட்டார், குடையை மறந்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் குடைக்காக வந்தவர், “குடியிருக்கிறவங்க வீட்டுக் கூரை ஒழுகல் சரி பண்ணியாச்சும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அன்று நீங்கள் குதித்த குதியில் மேசை மேலிருந்த தேநீர் சிந்தியது.

“யாரைப் பத்திப் பேச்சோ அவங்களே பேசட்டும், நாம கேப்போம்” என்பதே உங்கள் ஒற்றை விதி. அந்த விதிக்கு இவ்வாண்டு வந்த சோதனையை இந்த அவை அறிய வேண்டும். சம்பந்தப்பட்ட இருவரும் இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்; அவர்கள் இசைவோடுதான் சொல்கிறோம்.

அந்தச் சலவைக்கூடத்துப் பெண்கள் தொட்டிகளையும் வாளிகளையும் கவிழ்த்துப்போட்டு முழக்கும் குழுவொன்றைத் தொடங்கினார்கள். மாலைதோறும் நம் கூடத்தில் ஒத்திகை. தலைமை ஏற்றவரை அவர் தோழிகள் ‘நீராவி’ என்பார்கள். கோபமும் அப்படி, வேகமும் அப்படி. ஒத்திகை சூடுபிடித்த நேரத்தில்தான் நம் தலைக்கு மேல் குடியிருக்கும் மாடி வீட்டு ஐயா நகர அலுவலகத்தில் புகார் மனு கொடுத்தார். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், இரைச்சல் உண்மையென்றால் மாலை நிகழ்ச்சிகளுக்கான அனுமதி போய்விடும் என்று செய்தி வந்தது. அனுமதி போனால் தொடர் போச்சு. தொடர் போனால் மையமே மீண்டும் வெறுங்கிடங்கு.

நாங்கள் கொதித்தோம். எதிர்மனு எழுதலாம், தெருவில் திரளலாம் என்று ஆளாளுக்கு மீசை முறுக்கினோம். நீங்களோ, “சண்டை எங்கயும் போயிடாது. முதல்ல மேல யாரு இருக்காங்கன்னு பாத்துட்டு வரேன்” என்று சொல்லி, திரைப்படக் கருவி இயக்கும் நம் நெட்டைத் தம்பியை மட்டும் அழைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினீர்கள். அங்கே நடந்ததை அவன் எங்களுக்குச் சொன்னது வெகுநாள் கழித்து, ஐயாவே அனுமதித்த பிறகு.

நல்ல பகல். ஆனால் அந்த வீட்டில் திரைச்சீலைகள் மூடியிருந்தன. தரை முழுக்கப் போர்வைகளை மடித்து விரித்திருந்தார்கள், கீழிருந்து ஒலி ஏறாமலிருக்க. ஐயா நாற்காலியை விட்டு எழவில்லை.

“மன்னிப்பு கேக்க வந்தீங்களா, மிரட்ட வந்தீங்களா?”

“ரெண்டும் இல்லைங்க. எந்தச் சத்தம் உங்களுக்கு ஆகலைன்னு கேக்க வந்தேன்.”

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “பாட்டு வந்தா வரட்டும். படத்துல சண்டை போட்டா போடட்டும். அந்தத் தொட்டியை அடிக்கிறாங்களே… நடுவுல ஒரே ஒரு அடி வரும். கனமா. அது…” என்று நிறுத்திவிட்டார். தம்பி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். நீங்கள் அவன் கையைத் தொட்டு அடக்கினீர்கள்.

ஐயா ரயில் ஓட்டுநராய் இருந்தவர். ஒருநாள் காலை, ஒரு வளைவு தாண்டியதும், யாரோ ஒருவர் தண்டவாளத்தில் வந்து நின்றிருந்தார்.

“பிரேக் போட்டேன்மா. போட்டேன். ரயில் நிக்கிற வண்டியா? அந்தச் சத்தம் மட்டும் வந்துச்சு. தப்பு உங்க மேல இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. கொஞ்ச நாள் லீவு. அப்புறம் அதே வண்டி, அதே வளைவு. அதோட முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க.”

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். கையில் தேநீர்த் தட்டு.

“வயித்து வலின்னீங்களே,” என்றார் அந்த அம்மா. “இத்தனை வருஷமா வயித்து வலி, தூக்கம் வரலைன்னுதானே சொன்னீங்க.”

அந்த அம்மா தட்டை வைத்துவிட்டு அவர் அருகில் போய் உட்கார்ந்தார். நீங்கள் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “இனிமே அந்தச் சத்தம் இந்த வீட்டுக்குக் கீழ கேக்காதுங்க. நான் போயிட்டு வரேன்” என்று மட்டும் சொல்லி இறங்கினீர்கள்.

வாக்கைக் காக்க வசவையும் ஏற்ற வன்மையரே!

கீழே நாங்கள் காத்திருந்தோம். ஒத்திகையைத் தெருக்கோடியிலுள்ள வண்டி பழுதுபார்க்கும் கொட்டகைக்கு மாற்ற வேண்டும் என்றீர்கள். மனு என்னாயிற்று என்றோம். அது அவர் விருப்பம் என்றீர்கள். போருக்குப் போனவர் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டாரே என்று நாங்கள் முணுமுணுத்தது உங்கள் காதில் விழுந்திருக்கும். நீராவி முணுமுணுக்கவில்லை, வெடித்தார்.

“எங்களை எங்க பாத்தாலும் இடம் மாத்தித்தான் விரட்டுவாங்க. நீங்களுமா அக்கா?”

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நொடியே அவர் கோபம் தணிந்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. “காரணம் இருக்கு. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோ, ஆனா இடத்தை மாத்து” என்றீர்கள். பிறகு நீங்களே ஒரு தொட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாய் நடந்தீர்கள். நீராவி பல நாள் உங்களோடு பேசவில்லை. அந்த நாட்களில் நீங்கள் சரியாய்ச் சாப்பிடவில்லை என்பதை உங்கள் மகள் எங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

அதிகாரி வந்த அன்று நாங்கள் மாடிப்படியின் கீழே மூச்சைப் பிடித்து நின்றோம். ஐயாவின் குரல் தெளிவாய்க் கேட்டது. “சத்தம் இருக்கத்தான் செய்யுது. ஆனா சொன்னா நிறுத்துறாங்க. அந்த மனுவைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

நாங்கள் ஆரவாரம் செய்ய வாயைத் திறந்தோம். நீங்கள் விரலை உதட்டில் வைத்தீர்கள். அத்தனை பேரும் கூடத்துக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் குதித்தோம். நம் மையத்தின் வரலாற்றிலேயே ஓசையில்லாமல் நடந்த ஒரே வெற்றி விழா அது!

சில வாரங்கள் கழித்து, நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஐயா தாமே இறங்கி வந்தார். “இங்க யார் வேணும்னாலும் பேசலாமாமே?” என்றார். பேச்சாளர் கிடைத்தால் அலகால் கொத்திக்கொண்டு பறக்கும் நீங்கள் அன்று அவசரப்படவில்லை. “பேசலாம். ஆனா மேடைக்கு முன்னாடி, உங்களை மாதிரியே ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களோட உக்காருங்க” என்றீர்கள். ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் ஒரு பேருந்து ஓட்டுநரும் வந்தார்கள். உள்ளறைக் கதவு மூடிக்கொண்டது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு யாரோ சிரித்தார்கள். சிரித்தது யார் என்று எங்களுக்குத் தெரியாது. உங்கள் கண் கலங்கியதை மட்டும் பார்த்தோம்.

அதன் பிறகு ஐயா யாரும் அழைக்காமலே கொட்டகைக்கு நடந்தார். நீராவியிடம் தாமே எல்லாம் சொன்னார். நீராவி கோல்களைக் கீழே வைத்தார்.

“ஐயா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்போமே.”

“சொல்லத் தெரிஞ்சிருந்தா மனு எதுக்கும்மா எழுதப் போறேன்?”

அன்று மாலை நீராவி உங்கள் மேசைக்கு வந்தார். உங்கள் தோளில் முகம் புதைத்தார். உங்கள் சேலையின் தோள்பக்கம் நனைந்ததை நீங்கள் “தண்ணி பட்டுடுச்சு” என்று சமாளித்தீர்கள். யார் நம்பினோம்?

ஆன்றோரே, அவையோரே! இப்போது கேளுங்கள், முரசறைகிறோம்!

அடுத்த சனிக்கிழமை மாலை தொடக்க உரை: ஓட்டுநர் இருக்கையிலிருந்து. ஐயா பேசுகிறார், இரு ஓட்டுநர் நண்பர்களும் உடன் பேசுகிறார்கள். மேடையில் நான்காவதாக ஒருவரும் உண்டு. சுவரொட்டிக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தபோது மாடி வீட்டு அம்மா வந்து, “இவர் மட்டும் பேசினா பாதிக் கதைதான். தூங்காத மனுஷனுக்குப் பக்கத்துல தூங்காம படுத்திருந்தவ நான். எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க” என்றார். நீங்கள் கையிலிருந்த தூரிகையோடு கைதட்டி, எங்கள் எல்லோர் மேலும் நீலச் சாயம் தெளித்தீர்கள். வேற்றூர்களிலிருந்து ரயில் ஓட்டுநர்கள் வருவதாய்ச் சொல்லியிருக்கிறார்கள். முன்கூடம் போதாது, உள்ளறைச் சுவர்த் தட்டியைக் கழற்றுகிறோம்!

அடுத்த வாரம், இரவுக் காவலாளிகள் தங்கள் கைபேசியிலேயே எடுத்த படம். பல கட்டடங்களின் வாசலில் நின்றவர்கள் முதன்முறையாய்த் திரைக்குள் நுழைகிறார்கள். இயக்கிய காவலாளி இப்போதே இரண்டு முறை வந்து திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்து, காது கேளாத தோழர்கள் சைகை மொழியில் நடத்தும் நகைச்சுவை. அன்று விழிக்க வேண்டியவர்கள் நாம்தான்! “உங்களுக்குப் புரியறதுக்கு மொழிபெயர்ப்பாளர் போட்டிருக்கோம், கவலைப்படாதீங்க” என்று அவர்கள் நமக்கு ஆறுதல் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

பின்னர், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய திறந்த வெளியில் சலவைக்கூடத்துப் பெண்களின் தொட்டி முழக்கம். ஐயா வருவதாய்ச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நேரம் நிற்பார் என்பது அவருக்கே தெரியாது. நிற்கிற வரைக்கும் நின்றால் போதும். அந்தக் கனத்த அடி வருமுன் கையை உயர்த்திக் காட்டுவதாய் நீராவி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அக்கா, இத்தொடரில் கடைசி மாலையை ஒன்றும் எழுதாமல் விட்டு வைத்தீர்கள். “யாராவது வருவாங்க, பாத்துக்கலாம்” என்றீர்கள். வந்துவிட்டார். உங்களைக் கேட்டால் மறுப்பீர்கள் என்று தெரிந்து, கேட்காமலே அச்சிட்டுவிட்டோம். இந்த மடல் வாசிக்கப்படும் இவ்வேளையில் நெட்டைத் தம்பி பசை வாளியோடு தெருவில் இறங்கிவிட்டான். அவன் கையிலிருக்கும் சுவரொட்டியில் இப்படி இருக்கிறது: “பேசுபவர்: அக்கா. தலைப்பு: அவர் விருப்பம்.” எனக்கென்ன பேசத் தெரியும் என்று நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நாங்கள் கேட்க வருகிறோம்.

ஓய்வு பெற்றதும் நீச்சல் பழகப் போவதாகச் சொன்னீர்கள். நீரும் உங்களைத் தாங்கட்டும், நிலமும் உங்களைத் தாங்கட்டும்! நோய் நெருங்காத உடலும், நண்பர் நீங்காத வாசலும், நண்பகலில் நிம்மதியாய் ஒரு குட்டித் தூக்கமும் உங்களுக்கு வாய்க்கட்டும்! பேரப்பிள்ளைகள் தோள்மேல் ஏறி விளையாட, பல்லாண்டு பல்லாண்டு நீங்கள் நலமோடு நடமாட நெஞ்சார வாழ்த்துகிறோம்!

அடுத்த சனிக்கிழமை மாலை, முதல் வரிசையில் உங்களைக் காண ஆவலோடு,

மக்கள் மையத்துப் பணியாளர்கள், தன்னார்வலர்கள்,
சலவைக்கூட முழக்கக் குழுவினர்,
மாடி வீட்டார் இருவர்.