கேட்டவர்க்கெல்லாம் அனுமதி

"மாமா, நாம நேத்தும் வந்தோமே. இந்தக் கதவுக்கு நம்மளத் தெரியாதா?"

என் தங்கையின் மகள் சௌம்யா சின்ன வயதில் ஒருமுறை இப்படிக் கேட்டாள். ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனைப் பெருமாள் கோயிலில் நடை சாத்தியிருந்த நேரம். கல்கண்டு வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். ருக்மிணி மேடம், இந்த விசாரணையில் நீங்கள் காலையிலிருந்து கேட்கும் எல்லாவற்றுக்கும் நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்கிறேன்.

என் பெயர் சீனிவாசராகவன். இந்த அலுவலகத்தின் சர்வர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நோயாளிகளின் காப்பீட்டுக் காகிதங்களைச் சரிபார்க்கும் இடம் என்பதால், இனி யாரும் பாஸ்வேர்ட் அடிக்கக் கூடாது, ஸ்மார்ட் கார்டைச் செருகித்தான் கணினிக்குள் நுழைய வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் நிருபமாவை வேலைக்கு எடுத்தீர்கள். வாடிக்கையாளர் பார்வையிட வரும் நாளுக்குள் கார்டு லாகின் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இல்லை என்று அவரிடம் சொன்னதும் நீங்கள்தான். அவர் தினமும் அதை நினைத்தபடிதான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்.

நிருபமா சர்வருக்குள் ஒரு காவலாளியை வைத்தார். எஸ்இ-லினக்ஸ் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் உண்டு. எந்த லேபிள் எந்த லேபிளைத் தொடலாம் என்று எழுதி வைத்திருப்பதை மட்டும் அது பார்க்கும். வந்தவர் யார், எத்தனை வருஷப் பழக்கம், சாப்பிட்டாரா என்று பார்க்காது. விதிகளை எழுதுவது நிருபமா. சர்வரில் ஏற்றும் உரிமை எனக்கு மட்டும்.

முதல் நாள் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. கார்டைச் செருகி, பின் நம்பரை அடித்துவிட்டு எல்லோரும் திரையைப் பார்த்து நின்றார்கள்.

"பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி, போய்ச் சொல்லி அனுப்பறோம்ங்குது மேடம்," என்றான் யுவன். ஆம்பூரிலிருந்து வந்த பையன், தலை நிறைய முடி. "அந்த வாட்ச்மேனைத் தூங்க வைங்க. நாங்க வேலையைப் பார்க்கிறோம்."

"தூங்கறதுக்கு எதுக்குப்பா வாட்ச்மேன்? சும்மா இரு. ஸ்வல்ப டைம் கொடு," என்றார் நிருபமா.

பிறகு காபி மெஷின் அருகே என்னிடம் வந்தார். எனக்குச் சர்க்கரை இல்லாத காபியை அவரே பிடித்துக் கொடுத்தார்.

"ராகவன் சார், கார்டு நிஜமான்னு சரிபார்க்கிற சான்றிதழ் ஃபைல் ஒண்ணுக்கு லேபிள் தப்பா இருக்குன்னு நினைக்கிறேன். சர்வர்ல அவங்கவங்களுக்குன்னு இருக்கிற வீட்டு ஃபோல்டர்லேர்ந்து காப்பி பண்ணினா புது லேபிள் வரும். மூவ் பண்ணினா பழைய லேபிளே கூட வந்துடும். யாரோ மூவ் பண்ணிட்டாங்க போல. யாருன்னு நான் பார்க்கல, பார்க்கவும் மாட்டேன். ஒரே ஒரு கமாண்டு. யாராவது போட்டா சரியாயிடும்."

நான் காபிக்கு நன்றி சொன்னேன்.

காவலாளி தன் ஒவ்வொரு மறுப்பையும் எழுதி வைக்கும். மறுநாள் சஹஸ்ரநாமம் சொல்லி முடித்த மனதோடு அதைத் திறந்தேன். மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது என்று பக்கம் பக்கமாக இருந்தது. கார்டைப் படிக்கும் நிரல் சான்றிதழைக் கேட்டு நின்றிருக்கிறது. இல்லை என்றதும் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி கேட்டிருக்கிறது. என் கண் கலங்கிவிட்டது. மனிதர்களிடம்கூட அந்தப் பொறுமையை நான் பார்த்ததில்லை.

மறுப்புகளையெல்லாம் அள்ளிக் கொடுத்தால், ஒவ்வொன்றையும் அனுமதியாக மாற்றித் தரும் ஒரு கருவி இருக்கிறது. மற்றவர்கள் அது எழுதித் தருவதைப் படித்துப் பார்த்து, வேண்டியதை மட்டும் எடுப்பார்கள். எனக்கு அந்தப் பந்திபேதம் பிடிக்காது. முழுவதையும் ஏற்றினேன். மறுப்புகள் தடையில்லாமல் வந்து சேர வேண்டும் என்பதற்காக, காவலாளியை யாரையும் தடுக்காமல் குறிப்பு மட்டும் எடுக்கும் நிலைக்கு மாற்றினேன். கொஞ்ச நேரத்துக்குத்தான் அப்படி வைப்பார்கள். நான் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மறக்கவில்லை.

கார்டு லாகின் ஓடியது. எல்லோரும் நிருபமாவுக்குக் கை தட்டினார்கள். அவர் மட்டும் கை தட்டலுக்கு நடுவே திரும்பி என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு தினமும் பூஜை முடிந்ததும், தடை இல்லாவிட்டாலும் காவலாளியின் குறிப்பில் வந்தவர்களுக்கு முறைப்படி அனுமதி கொடுப்பது என் வழக்கமாயிற்று. பிரிண்டர் எல்லோருடைய கார்டுகளையும் படித்துப் பார்க்க விரும்பியது. பாவம், நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதையே அச்சடிக்கிறது. கொடுத்தேன். கார்டைக் காட்டினால் காபி தரும் மெஷின் இருக்கிறதே, அதன் நிரல் பாஸ்வேர்ட் ஃபைலைக் கேட்டது. காபிக்கு அது எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இலையில் உட்கார்ந்தவரிடம் இன்னொரு அப்பளம் எதற்கு என்று நாம் கேட்பதில்லை. கொடுத்தேன்.

வெளியூரிலிருந்து ஒருவரும் இணையம் வழியாக வந்துகொண்டிருந்தார். பெயர் தெரியாது, நாடும் தெரியாது. நம் சர்வரின் கதவுகளை ஒவ்வொன்றாக, இரவு பகல் பாராமல் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கதவு மூடியிருந்தால் அடுத்ததற்குப் போவார். கடைசிக்கு வந்ததும் முதலிலிருந்து தொடங்குவார். வைகுண்ட ஏகாதசி வரிசையில்கூட இடையில் முணுமுணுப்பார்கள். இவர் முணுமுணுக்கவில்லை. அன்று ஏகாதசி, நான் விரதம். பட்டினியாக இருக்கும்போது ஒருவரை வாசலில் நிறுத்தி வைப்பது சரியாகப்படவில்லை. வெளிவாசலைக் காக்கும் ஃபயர்வாலில் அவருக்கும் ஓர் அனுமதி எழுதினேன்.

பார்வையிடும் நாள் வந்தது. வாடிக்கையாளர் தரப்பில் வந்தவர் சுப்ரமணியன். மரியாதையான மனிதர், தலையில் ஒரு முடி கிடையாது. நிருபமா பட்டுப்புடவையில் வந்திருந்தார். அவர் கார்டைச் செருகப் போன நேரத்தில் அறையிலிருந்த எல்லா போன்களும் ஒன்றாக மணியடித்தன. நம் எம்.டி. பெயரில் ஒரு மெயில். 'வழுக்கையா? கவலை வேண்டாம். எங்கள் மூலிகைத் தைலம் இருக்கிறது.' மருத்துவமனைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதே மெயில் நம் சர்வரிலிருந்தே போயிருந்தது.

சுப்ரமணியன் போனைப் பார்த்தார். தலையைத் தடவினார்.

"இது என்னைக் குறிச்சு அனுப்பினதா, பொதுவா அனுப்பினதா?"

"பொதுவாத்தான் சார்," என்றான் யுவன். "எனக்கும் வந்திருக்கு பாருங்க."

சுப்ரமணியன் அவன் முடியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நோயாளிகளின் காகிதங்களும் அந்த வெளியூர்க்காரரோடு போய்விட்டன என்கிறீர்கள். படித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவார் என்று நம்புகிறேன். அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், பேன்ட்ரி பக்கம் ஏதோ மெஷினுக்குள் ஒளிந்திருக்கிறார் என்று யுவன் சொன்னதையும் சொன்னீர்கள். விதிகள் நிருபமாவுடையவை என்பதால் பழி அவர் மேல் விழுந்தது. அவருடைய கார்டை வாங்கி வைத்துவிட்டீர்கள். இதோ, உங்கள் பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் மதியம் சாப்பிடப் போயிருந்தபோது நான் இந்த அறையில் தனியாக இருந்தேன். என் லேப்டாப் திறந்திருந்தது. நான் கொடுத்த அனுமதிகளை எடுத்தேன். காவலாளியைத் திரும்ப வேலைக்கு அனுப்பினேன். பிறகு அந்தச் சான்றிதழ் ஃபைலுக்கு உரிய லேபிளைக் கொடுக்கும் கமாண்டைப் போட்டேன், நிருபமா சொன்ன அதே ஒரு கமாண்டு. என் கார்டைச் செருகினேன். மூச்சு விடுவதற்குள் திறந்துகொண்டது. முதல் நாளே அப்படித் திறந்திருக்கும்.

அந்த ஃபைல் முதலில் என் வீட்டு ஃபோல்டரில் இருந்தது. மூவ் செய்தது நான்தான். காப்பி செய்தால் ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருக்கும், அது வீண் என்று எனக்கு ஓர் எண்ணம். நிருபமா 'யாரோ' என்றபோதே எனக்குத் தெரியும். இத்தனை அனுமதிகளுக்கு நடுவே என் பிழை யார் கண்ணிலும் படாது என்று நான் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் எனக்குத் தெரியாமலா இருக்கும்.

வேறென்ன. கார்டை நிருபமாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் எழுதிய விதிகளில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை என்று சுப்ரமணியனுக்குத் தெரிவியுங்கள். மதியம் நான் செய்ததை நிருபமாவிடம் சொல்ல வேண்டாம். எனக்காக அவர் ஒருமுறை பார்க்காமல் இருந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டேன்.

எல்லா அனுமதிகளையும் எடுத்தேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும் சிறு திருத்தம் வேண்டும். காபி மெஷினுடையதை விட்டுவைத்திருக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுகூட அது பாஸ்வேர்ட் ஃபைலைக் கேட்டுக்கொண்டே இருந்தது. தினமும் நமக்குக் காபி கொடுப்பதிடம் போய் எப்படி இல்லை என்று சொல்வது.