பத்தாவது பிள்ளை

ஜனவரி மாதம், மாலை ஆறு மணி. பிரான்ஸில், மார்ஜெரீத் மலைமேட்டில் அதற்குள்ளேயே கும்மிருட்டு. கடைசி வீட்டுக்குப் போகும் ஏழு கிலோமீட்டரில் எதிரே ஒரு வண்டி வராது... சிரிக்காதீர்கள். நம் கஸ்பாரின் அண்ணி சொலீனுக்கு நடந்தது இது.

அந்த வருடம் ஊரில் ஆள் கணக்கெடுக்கும் வேலை அவளுக்கு. பள்ளியில் ஒன்பதே பிள்ளைகள். பத்தாவது கிடைக்காவிட்டால் மூடிவிடுவார்கள் என்று மேயர் சொல்லியிருந்தார். அப்புறம் அவள் மகள் நினோன், ஆறு வயது, பனியில் நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் போகவேண்டும். முந்தைய குளிர்காலத்தில்தான் அந்தப் பேருந்து பள்ளத்தில் உருண்டிருந்தது.

கடைசி வீட்டில் கிழவர் உர்பேன். தனிக்கட்டை. ஆனால் மேசையில் இரண்டு தட்டு சூப்.

"ரெண்டு பேரும்மா. நானும் பேத்தி ஒதிலும்."

ஒதில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிச் செத்துப் பன்னிரண்டு வருடம். அடக்கத்துக்குச் சொலீனே போயிருந்தாள். அப்போதே சொலீன் எழுந்து வீடு திரும்பியிருக்கலாம்... மாடிப்படியில் மரச்செருப்புச் சத்தம். டக்... டக்... பாதியில் நின்றது. ஈரக் கம்பளி நாற்றம்.

"வயசு?" என்று கேட்டாள். பயம்தான், அதைவிட ஆசை.

"ஆறு."

எழுதிக்கொண்டாள்.

மேயர் துருவிக் கேட்கவில்லை, அவருக்கும் பள்ளி வேண்டும். பள்ளி பிழைத்தது. செப்டம்பரில் பத்தாவது பெயரைக் கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லையாம். ஆனால் நினோனின் பக்கத்து நாற்காலிக்கு அடியில் தினமும் தண்ணீர் தேங்கியது. ஆசிரியை துடைப்பார், மறுபடி தேங்கும். நினோன் வீடு திரும்பும்போது ஒரு கை மட்டும் ஐஸாக இருக்கும்.

சொலீன் மேயரிடம் போய் அழுதாள். பொய்க் கணக்கு, அந்தப் பெயரை அடித்துவிடுங்கள் என்றாள்.

"கணக்கு மேல போயாச்சும்மா. இனி அஞ்சு வருஷத்துக்கு யாரும் கை வைக்க முடியாது."

என்ன செய்வாள், பாவம். மறுநாளே மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். கதவைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாலையில் ஒரு கணம் அடுப்புப் பக்கம் திரும்பினாள்... தாழ்ப்பாள் விலகும் சத்தம். வாசலில் நினோன். ஒரு கையை வெளியே நீட்டியிருந்தாள். விரல்கள் எதையோ பற்றியிருந்தன.

"நான் வரலேன்னு அவளே வந்துட்டாம்மா. அவங்க வீட்டுக்குக் கூப்பிடறா."

வெளியே யாரும் இல்லை. சொலீன் மகளின் மறு கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

வெளியிலிருந்தும் இழுத்தார்கள்.